பறக்கும் தட்டும் பிளாச்சிமடைக் கிணறும்

விடுமுறையில் நண்பர் ஒருவருடன் அவர் ஊராகிய பெருமாட்டிக்குச் சென்றிருந்தேன். பாலக்காடு மாவட்டத்து எல்லையூர். ஆட்சிமொழி மலையாளமாயினும் தெருவிலே தமிழ் கேட்கும். நண்பரின் தம்பி, பத்தாம் வகுப்பு மாணவன், கணினியின் முன் அமர்ந்து மாடுகளை வானத்திலே தூக்கி எறிந்துகொண்டிருந்தான்!

"என்னடா தம்பி இது?" என்றேன்.

"நான் மனிதனில்லை அண்ணா, ஃபியூரான்!" என்றான்.

'டெஸ்ட்ராய் ஆல் ஹியூமன்ஸ்' என்பது அவ்விளையாட்டின் பெயர். பாண்டமிக் ஸ்டூடியோஸ் நிறுவனத்தார் ஆக்கியது, 2005இல் வெளிவந்தது, 2020இல் புதுக்கோலம் பூண்டு மீண்டும் வந்தது. கதை நிகழ்வது 1959ஆம் ஆண்டின் அமெரிக்காவில். பறக்கும் தட்டிலே வந்திறங்கும் கிரிப்டோ என்னும் சாம்பல்நிறக் குள்ளனே கதைத் தலைவன். அவன் இனத்தார் நகலெடுத்தே உயிர் வாழ்பவர்கள். நகலோ நாளுக்குநாள் மங்குகிறது. மனிதருக்குள் மறைந்திருக்கும் தம் முன்னோரின் மரபணுவை அறுவடை செய்ய அவன் வருகிறான். ஊரார் மூளையை அவன் பறிக்க, அரசாங்கமோ "இது கம்யூனிஸ்டுகளின் வேலை" என்று அறிவிக்கிறது. மக்களும் நம்பிவிடுகிறார்கள்!

விழுந்து விழுந்து சிரித்தேன் என்பதை மறைப்பானேன்? மாணவர் விளையாடிக் கெடுகிறார்கள் என்று புலம்பும் கூட்டத்தில் நான் இல்லை. என் குறை வேறு. அந்தச் சிரிப்பு இரவல் சிரிப்பு. அமெரிக்கர் தம் பழைய படங்களையும் பழைய அச்சத்தையும் கேலி செய்கிறார்கள். நாம் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் கைதட்டுகிறோம். நமக்கென்று பறக்கும் தட்டு இல்லையா? உண்டு. 1963இல் காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி'யில் வேற்றுலகத்தார் பானுமதியைத் தூக்கிச் செல்கிறார்கள். எதற்கு? தங்கள் உலகத்தாருக்கு இசை கற்பிக்க! எம்.ஜி.ஆர். பின்தொடர்ந்து செல்கிறார். மூளைக்கு வந்தவன் அங்கே. பாட்டுக்கு வந்தவன் இங்கே.

இன்னொரு கதையும் உண்டு. அது கற்பனையன்று. பிளாச்சிமடை இந்தப் பெருமாட்டி ஊராட்சியில்தான் இருக்கிறது. 2000இல் கொக்கோ கோலா ஆலை அங்கே வந்தது. நிலத்தடி நீர் ஆலைக்குள் போயிற்று. தங்கள் கிணறுகள் வற்றின, மிஞ்சிய நீரும் கெட்டது என்றனர் மக்கள். ஆலையின் கழிவுச் சேறு உழவர்களுக்கு உரமென்று வழங்கப்பட்டது. 2003இல் பி.பி.சி. வானொலி அதை ஆய்வுக்கு அனுப்பியபோது ஈயமும் காட்மியமும் இருக்கக் கண்டனர். கிரிப்டோவுக்குக்கூட இது தோன்றியிருக்காது, நண்பர்களே!

2002 ஏப்ரல் 22 அன்று ஆலைவாயிலில் போராட்டம் தொடங்கிற்று. முன்னின்றவர் மயிலம்மா, எரவாளர் பழங்குடிப் பெண்மணி. 2003இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. இழப்பு 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று உயர்மட்டக் குழு 2010இல் கணக்கிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காகக் கேரளச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மாவோ 2007லேயே மறைந்துவிட்டார்.

நம்மிடையே கணினித்துறை மாணவர்கள் இருக்கிறார்கள். இதை ஏன் விளையாட்டாக்கக் கூடாது? உபதேசம் வேண்டாம், உபதேசம் செய்தால் நானே விளையாட மாட்டேன். புன்னகையோடு சேற்றை உரமென்று நீட்டும் வேற்றுலகத்தான் இருக்கட்டும். அவன் சொன்னதையெல்லாம் நம்பும் அதிகாரிகள் இருக்கட்டும். எதிரே குடத்தோடு ஒரு பெண். அவள் கையில் துப்பாக்கி இல்லை. பந்தலில் உட்கார்ந்திருக்கிறாள், ஆண்டுக்கணக்கில்.

தம்பியிடம் இதைச் சொன்னேன். விளையாட்டை நிறுத்திவிட்டுச் சற்று யோசித்தான்.

"உட்கார்ந்தே ஜெயிக்கிற விளையாட்டை எப்படி அண்ணா ஆடுவது?"

எனக்கு விடை தெரியவில்லை. கணினித்துறை நண்பர்களைத்தான் கேட்க வேண்டும்.