சட்டைப் பையில் ஒரு பொட்டலம்

துணியை ஊற வைக்கும் முன் பையைத் துழாவிப் பார்ப்பது நம் எல்லோருக்கும் வழக்கம்தானே? ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பையனின் சட்டையில் அன்று அகப்பட்டது, உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலம். எனக்குக் கை கால் ஓடவில்லை.

"ஒரே ஒரு தடவைதாம்மா, ஃப்ரெண்டு கொடுத்தான்" என்றான். அடிக்க ஓங்கிய கையை அவனுடைய கேள்வி இறக்கிவிட்டது. "பாட்டி தினமும் வெத்தலையோட போடறாங்களே, அது மட்டும் என்னவாம்?"

பள்ளியிலிருந்து போனுக்கு ஒரு வீடியோ பாடம் வந்திருந்தது. முழுக்கப் புண்ணாகிப்போன வாய்களின் படங்கள். "இதெல்லாம் வயசானவங்களுக்கு வர்றது" என்று விரலால் தள்ளிவிட்டான். வெறும் பயமுறுத்தல் இவனிடம் எடுபடாது என்று புரிந்தது.

"சரி, உன் சித்தி பையனுக்குப் புரியற மாதிரி நீயே போன்ல ஒரு பாடம் பண்ணு" என்றேன். இருவருமாக உட்கார்ந்தோம். ஒவ்வொன்றும் ஒரே நிமிஷம். உபதேசம் கூடாது என்பது அவன் போட்ட நிபந்தனை!

முதலில் நிகோடின். வளரும் மூளையை அது சீக்கிரம் அடிமைப்படுத்தும்; "ஒரு தடவைதான்" என்பது அங்கேதான் பொய்த்துப்போகிறது. அடுத்து, இன்றே தெரியும் கெடுதல்: வாய் நாற்றம், பல்லில் கறை, பொட்டலம் வைத்த இடத்தில் வெளுத்துப்போகும் ஈறு. பிறகு கணக்கு: தினம் 10 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 3,650 ரூபாய். கடைசியாக, நண்பன் நீட்டினால் என்ன சொல்வது? "வேணாம்டா, மேட்ச் இருக்கு" என்று அவனே நடித்துக் காட்டினான். இதைத்தான் பலமுறை ஒத்திகை பார்த்தோம்.

சட்டமும் சேர்த்தோம். 18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்பதும், பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதும் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

என் மாமியாரும் கேட்டார். ஒன்றும் பேசாமல் சுருக்குப் பையிலிருந்த புகையிலையை எடுத்து என்னிடம் கொடுத்தார். நாலாம் நாள் மறுபடி கேட்டார், பாவம். அத்தனை வருஷப் பழக்கம்! விட நினைப்பவர்களுக்கு அரசின் இலவச ஆலோசனை எண் 1800-11-2356. அவருக்காக நான்தான் டயல் செய்தேன்.

சகோதரிகளே, பையில் பொட்டலம் கிடைத்தால் உடனே கையை ஓங்காதீர்கள். முதலில் பிள்ளையைப் பேச விடுங்கள். அப்படியே நம் வீட்டு வெற்றிலைப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.