கச்சானுக்கு முந்திய கத்தரிப்பு

சட்டியில் வளர்க்கும் குறுமரங்களைக் கோடையிற் கத்தரிப்பது எவ்வாறு என வாசக அன்பர் சிலர் வினவியுள்ளனர். விடை கூறுமுன், நாம் கொன்ற புளியமரம் ஒன்றைப் பற்றிச் சொல்லிவிடுதல் நேர்மையாகும்.

பாண்டிருப்பில் எமது கிணற்றடியில் ஒன்பது ஆண்டுகள் சட்டியில் வளர்ந்த மரம் அது. போன்சாய் எனும் ஜப்பானியக் கலையை விளக்கும் நூலொன்றில், இலையுதிர் மரங்களுக்கு ஜூன் மாதத்தில் இலைகளைக் களைந்து நுனிகளை வெட்டுக என்றிருந்தது. அவ்வாறே செய்தோம். இரு கிழமைகளில் துளிர்க்குமென எதிர்பார்த்த மரம் துளிர்க்கவில்லை. ஆவணியிற் பட்டை சுருங்கிற்று. புரட்டாதியில் திரௌபதை அம்மன் கோயில் தீப்பள்ளயம் வந்தபோது அது வெறும் விறகு.

நூலிற் பிழையில்லை. ஜப்பானின் பெரும்பகுதியில் ஜூன் மாதம் மழைக்காலம். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வசந்தத்தில் விட்ட மேப்பிள் இலைகள் அப்போது முற்றியிருக்கும். அவற்றைக் களைந்தால் காம்பின் அடியில் உறங்கும் மொட்டுகள் விழித்துச் சிறிய இலைகளையும் நெருங்கிய கணுக்களையும் தரும். உட்கொம்புகளுக்கும் வெளிச்சம் கிட்டும். நமது கரையிலோ பெருமழை ஐப்பசி முதல் தை வரைதான். ஆனி, ஆடியில் வீசுவது கச்சான் காற்று. கொடியிற் போட்ட துணியை நொடியில் உலர்த்தும் அக்காற்றில் இளந்துளிர் எவ்வாறு பிழைக்கும்? மாதத்தின் பெயரைப் பார்த்த நாம் மரத்தைப் பார்க்க மறந்தோம்.

சென்ற சித்திரையில் எமது மாமி தம் அரசமரத்தைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தபோது எமக்குக் கை கூசியது இதனாலேதான். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் புகுந்த அவருடைய வளவில் எஞ்சியது கிணற்றுக் கட்டு ஒன்றே. பின்னர் அதன் வெடிப்பில் முளைத்த கன்றைப் பெயர்த்துச் சட்டியிலிட்டு வளர்த்து வந்தார். உயரம் ஒன்றரை முழந்தான். ஆயினும் வலப்புறக் கொம்பொன்று தண்டின் பருமனுக்குத் தடித்து, மரம் முழுவதையும் ஒருபால் இழுத்திருந்தது.

“வெட்டுங்க மகன். ஆனா, செத்துப்போகாமப் பாத்துக்கொள்ளுங்க” என்றார்.

இலையைத் தொட்டுப் பார்த்தோம். கரும்பச்சையாய்த் தடித்து நன்கு முற்றியிருந்தது. சட்டி மாற்றி இரண்டு ஆண்டுகளாகியிருந்தமையால் வேரும் நிலைத்திருந்தது. (வேரையும் கிளையையும் ஒரே பருவத்தில் வெட்டுவது, நோயாளிக்கு ஒரே நாளில் இரண்டு சத்திரசிகிச்சை செய்வதை ஒக்கும்.) கச்சானுக்கு இன்னும் சில கிழமைகள் இருந்தன. வலுத்த நுனிகளில் மட்டும் காம்பை விட்டு இலைத்தகட்டைக் கத்தரித்தோம். நலிந்த உட்கொம்புகளைத் தொடவில்லை. வலுத்த இடத்தின் வேகத்தை அடக்கி, நலிந்த இடத்துக்கு உரத்தைத் திருப்பும் வழி இதுவே. வடிந்த பாலை ஈரத்துணியால் ஒற்றினோம்.

தடித்த கொம்பை அகற்றி, இடப்புறச் சிறுகொம்பை நிமிர்த்தித் தலையாக்க எண்ணியபோது மாமி தடுத்தார். “அது வீட்டுப் பக்கம் பாத்து வளந்த கொப்பு.” கன்று முளைத்த காலத்தில் அங்கு வீடு இருக்கவில்லை, மணல்தான் இருந்தது. அன்று நாம் வாளைக் கீழே வைத்துவிட்டோம். மறுநாட் காலை அவரே வந்து, “சரி, வெட்டுங்க” என்றார்.

வெட்டுவாயைச் சற்றே குழிவாகச் செதுக்கிக் காயப்பசை பூசினோம். வளரும் பருவத்தில் வெட்டினால் காயம் விரைந்து மூடும். ஆனால், அப்பருவத்தில் கொம்பும் விரைந்து பருக்குமாதலால், நிமிர்த்தச் சுற்றிய கம்பி பட்டையிற் புதைந்துவிடும். கிழமைதோறும் பார்த்து, மூன்றாங் கிழமையில் அவிழ்த்து மீண்டும் சுற்றினோம்.

இன்னொன்று: இலை குறைந்த மரம் குறைவாகவே நீர் குடிக்கும். பரிவு மிகுந்து ஊற்றி வேரை அழுகவைப்போர் பலர். மாமியும் காலை மாலை ஊற்ற முற்பட்டமையால் வாளியை ஒளித்துவைக்க நேர்ந்தது.

பதினெட்டாம் நாள் செந்துளிர் கண்டோம். கச்சான் எழுந்தபோது இலைகள் முற்றிவிட்டன. ஆயினும் மேற்குப்புறம் கிடுகு கட்டினோம். புதிய இலைகள் பழையவற்றிற் பாதியளவே.

வெட்டிய கொம்பை எறிய மாமி விடவில்லை. புது வீட்டின் கிணற்றடியில் நட்டிருக்கிறார். இதுவரை இரண்டு இலை விட்டிருக்கிறது.