கணுக்கால் மாற்று அறுவை: நடையை அளந்து பேசுவோம்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை இன்று சிறு நகரங்களில்கூட அதிசயமில்லை. பக்கத்து வீட்டில் ஒருவர் செய்துகொண்டு மாடிப்படி ஏறுகிறார். அதைப் பார்த்தவர்கள் கணுக்காலுக்கும் அதே பலன் கிடைக்கும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இங்கேதான் கணக்கு தப்புகிறது. முழங்கால் பெரும்பாலும் வயதோடு தேய்கிறது. கணுக்கால் அப்படித் தேய்வது குறைவு. தேய்மானம் முற்றி வருபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேருக்கு முன்பு எப்போதோ எலும்பு முறிந்திருக்கும், அல்லது தசைநார் கிழிந்து கால் அடிக்கடி பிசகியிருக்கும். ஆகவே அவர்கள் முழங்கால் நோயாளிகளைவிடப் பொதுவாக இளையவர்கள். பல ஆண்டுகள் நொண்டி நடந்ததில் கெண்டைக்கால் தசை சூம்பிப்போனவர்கள். அப்படிப்பட்ட காலில் ஒரு புது மூட்டை வைத்துவிட்டு, எக்ஸ்ரேயில் அது நேராக நிற்பதையோ, மேசைமேல் படுத்திருக்கும்போது பாதம் எத்தனை டிகிரி அசைகிறது என்பதையோ வெற்றி என்று சொல்வது போதாது. இந்த அறுவையை நடையால்தான் அளக்க வேண்டும்.

சமதரையில் நடக்கக் கணுக்கால் அதிகம் கேட்பதில்லை: பாதம் மேல்நோக்கிச் சுமார் 10 டிகிரி, கீழ்நோக்கி 15 முதல் 20 டிகிரி மடங்கினால் போதும். ஆனால் அது சுமப்பது அதிகம். ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு விசை அந்தச் சிறிய மூட்டின் வழியே இறங்குகிறது. குதிகால் தரையை விட்டு எழும் கணத்தில் கெண்டைக்கால் தசை உந்தித் தள்ளுவதால்தான் உடல் முன்னே போகிறது. நடை ஆய்வுக்கூடங்களில் மாற்று அறுவைக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தவர்கள் கண்டது இதுதான்: வலி வெகுவாகக் குறைகிறது, அடி நீள்கிறது, வேகம் கூடுகிறது, உந்துவிசையும் ஓரளவு மீள்கிறது. ஆனால் அசைவு கூடுவதோ சில டிகிரிதான். அறுவைக்கு முன் இறுகிப்போயிருந்த கணுக்கால் பின்பும் பெரும்பாலும் இறுக்கமாகவே இருக்கிறது. உந்துவிசை நலமான காலின் அளவை எட்டுவதில்லை. சுருங்கிய குதிகால் தசைநாணையும் தழும்பேறிய சவ்வையும் உலோகம் தானாகச் சரிசெய்துவிடாது. தரையில் குந்தி உட்காரலாம், பழைய கழிப்பறைக்குத் திரும்பலாம் என்ற நம்பிக்கையோடு வருபவருக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுவது மரியாதை.

‘அப்படியானால் மூட்டை ஒட்டவைத்துவிட்டால் போதுமே, மாற்றுவது எதற்கு?’ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். எலும்புகளை ஸ்க்ரூவால் இறுக்கி ஒன்றாக்கும் அந்தப் பழைய அறுவையை இளக்காரமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பிரிட்டனில் நடந்து 2022-இல் வெளியான ‘டார்வா’ ஆய்வு, 50 முதல் 85 வயது வரையுள்ள 303 பேரை 17 மருத்துவமனைகளில் குலுக்கல் முறையில் இரு அறுவைகளுக்கும் பிரித்தது. ஓராண்டு கழித்து அது முதன்மையாகக் கேட்டது நிற்பதையும் நடப்பதையும் பற்றித்தான். நூறு புள்ளி அளவுகோலில் மாற்று அறுவை செய்தவர்களின் சிரமம் சராசரியாக 50 புள்ளியும், ஒட்டவைத்தவர்களின் சிரமம் 44 புள்ளியும் குறைந்தன. இரு தரப்பும் பெரிதாக முன்னேறியிருக்கின்றன. இடையிலுள்ள வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்னும் அளவுக்குச் சிறியது. நகராமல் நிற்கும் பாகத்தைக் கொண்ட ஒரு வகைச் செயற்கை மூட்டில் மட்டும் வித்தியாசம் 11 புள்ளியாகத் தெரிந்தது. ஆனால் அது ஆய்வு முடிந்தபின் பிரித்துப் பார்த்த கணக்கு. குறிப்பு என்று கொள்ளலாம், தீர்ப்பு என்று கொள்ள முடியாது. தொல்லைகளும் ஒரு பக்கம் மட்டும் சாயவில்லை: மாற்று அறுவையில் புண் ஆறாமையும் நரம்புக் காயமும் அதிகம், ஒட்டவைத்தவர்களில் ஏறக்குறைய 12 விழுக்காட்டினருக்கு எலும்பு ஒட்டவே இல்லை.

மாற்று அறுவையின் ஆதரவாளர்கள் ஓராண்டுக் கணக்கு போதாது என்பார்கள், நியாயம்தான். ஒட்டிய கணுக்கால் மடங்க மறுக்கும்போது அந்த வேலை குதிகாலுக்கு மேலும் பாதத்தின் நடுவிலும் உள்ள மூட்டுகள்மேல் விழுகிறது. அமெரிக்காவில் 2001-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒட்டவைத்துச் சராசரி 22 ஆண்டுகள் ஆன 23 பேரைப் பரிசோதித்து, அதே பாதத்தின் பக்கத்து மூட்டுகளில் மற்றப் பாதத்தைவிட மிக அதிகமான தேய்மானத்தைக் கண்டது. வலுவான எச்சரிக்கை இது. ஆயினும் காலக் கணக்கு மறுபக்கமும் வெட்டுகிறது. 1970-களின் செயற்கைக் கணுக்கால்கள் தளர்ந்து கழன்று, அந்த அறுவையையே பலர் கைவிடும்படி செய்தன. இன்றையவை எவ்வளவோ மேல் என்றாலும், பத்தாண்டுத் தாக்குப்பிடிப்பில் இடுப்பு, முழங்கால் மூட்டுகளை இன்னும் எட்டவில்லை. ஐம்பது வயதில் பொருத்திக்கொள்பவர் இன்னொரு அறுவையை, அதுவும் எலும்பு குறைந்துபோன இடத்தில் நடக்கும் அறுவையை, எதிர்பார்த்தே ஆக வேண்டும்.

ஆகவே எந்த அறுவை உயர்ந்தது என்ற சண்டையைவிட யாருடைய நடை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டு கணுக்கால்களும் தேய்ந்தவருக்கு, பக்கத்து மூட்டுகள் ஏற்கெனவே கெட்டுவிட்டவருக்கு, அளவான நடமாட்டமுள்ள முதியவருக்கு மாற்று அறுவை உண்மையான வரம். வரப்பில் மூட்டை சுமக்கும் நாற்பது வயதுக்காரருக்கும், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மங்கியவருக்கும் நான் அதைத் தயக்கத்தோடுதான் பார்ப்பேன். எந்த வழியானாலும், அறுவைக்கு முன் அவர் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார், சரிவில் எப்படி இறங்குகிறார் என்று பதிவுசெய்து, ஓராண்டு கழித்து அதே அளவை மீண்டும் எடுக்க வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு நீண்ட வராந்தாவும் கடிகாரமும் போதும். பிசியோதெரபி எத்தனை வாரம், எந்தப் பயிற்சி என்பதற்கு உறுதியான ஆய்வுகள் குறைவு என்று சிலர் தயங்குவார்கள். சூம்பிய கெண்டைக்காலுக்கு வேலை கொடுக்காமல் அது உந்தும் என்று எதிர்பார்க்க அதைவிடக் குறைவான ஆதாரமே உண்டு. அறுவைக்குச் சொல்லும் தொகையிலேயே அந்தப் பயிற்சியின் செலவையும் சேர்த்துச் சொல்லும்படி மருத்துவமனையிடம் நோயாளி கேட்கலாம்.