தந்தையுரிமையும் பிள்ளையின் நலனும்

தாயை இழந்த பிள்ளையின் கட்டுக்காப்பைக் கோரி அம்மம்மாவும் அம்மப்பாவும் நீதிமன்றம் சென்றால், 'தகப்பன் உயிரோடிருக்க இவர்களுக்கேது உரிமை?' எனக் கேட்போர் நம்மிடையே பலர். அவர்கள் கேட்பது பண்பாட்டின் பெயரால். அப்பண்பாடோ அவர்கள் பக்கம் இல்லை. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமையை அவர்கள் படித்துப் பார்க்கட்டும். மனைவியை இழந்தவன் மறுமணம் செய்ய விரும்பின், இளம் பிள்ளைகளை மாமியாரோ நெருங்கிய உறவினரோ ஏற்று வளர்ப்பதே வழக்கமென அது கூறுகின்றது. இறந்தவளின் சீதனம் முழுவதையும் தேடியதேட்டத்திற் பாதியையும் பிள்ளைகளுடன் தந்தை ஒப்படைத்தல் வேண்டும்.

உரோமன் டச்சுச் சட்டமோ தந்தையை இயற்கைப் பாதுகாவலராக முன்னிறுத்துகின்றது. நீதிமன்றங்கள் பிள்ளையின் நலனையும் நோக்குகின்றன. எனினும் தந்தையின் உரிமையே வழக்கின் தொடக்கப் புள்ளியாகின்றது. நிரூபிக்கும் சுமை முதியவர் தோளில் விழுகின்றது. 1991இல் இலங்கை ஏற்ற சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயம் பிள்ளையின் நலனை முதன்மையாகக் கொள்ளுமாறு பணித்த பின்னரும் இந்நிலை ஏன்?

'கிழவர்களுக்குச் சொத்தாசை' என்பர். இருக்கலாம்; மன்று அதனையும் ஆராயட்டும். தந்தையர் யாவரும் கொடியவரல்லர். பேரன் பேத்தியரை வளர்க்க அன்பொன்றே போதாது, உடல்வலிமையும் வேண்டும். ஆயின் பிள்ளை உண்டதா, உறங்கியதா, பாடசாலை சென்றதா, அஞ்சி ஒடுங்கிற்றா என்பனவே முதற் கேள்விகள். உரிமை எவருடையது என்பது அதன் பின்னரே எழவேண்டும்.