படம் பிடிக்குமுன் ஒரு வார்த்தை

அத்தைக்குச் சில மாதங்களாகவே மார்புப் படபடப்பு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். நன்றாகத்தான் சாப்பிட்டாள், உடம்போ இளைத்துக்கொண்டே வந்தது. இருதய ரத்தக் குழாய்களை ஸ்கான் எடுத்துப் பார்த்துவிடுவது என்று நாளும் குறித்தாயிற்று.

அன்று டாக்டர், அத்தையின் நடுங்கும் விரல்களைக் கவனித்தார். "முதலில் தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கான் அப்புறம்" என்றார்.

"இருதயத்துக்கு வந்தால் கழுத்தைப் பார்க்கிறாரே!" என்று முணுமுணுத்தாள் அத்தை.

டாக்டர் செய்ததே சரி. ரத்தக் குழாய் படத்தில் தெளிவாகத் தெரிவதற்காக ஏற்றும் சாய மருந்தில், மில்லிலிட்டருக்குச் சுமார் 300 முதல் 370 மில்லிகிராம் வரை அயோடின் இருக்கிறது. பெரும் பகுதி சிறுநீரோடு போய்விடும். ஆனால் தனித்து நிற்கும் சிறு பங்கே, நமக்குத் தினமும் தேவையான 150 மைக்ரோகிராமைப் போல் பல மடங்கு! தைராய்டு சுரப்பி தன் ஹார்மோனைத் தயாரிப்பதே அயோடினைக் கொண்டுதான். ஏற்கெனவே மிதமிஞ்சிச் சுரக்கும் சுரப்பிக்கு இது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதுபோல் ஆகலாம். நாடி தாறுமாறாக ஓடி, இருதயமே களைத்துவிடக்கூடும்.

இது புதிய சங்கதியல்ல. 1820-ல் ஜெனீவா டாக்டர் க்வாந்தே கழுத்துக் கழலைக்கு அயோடின் கொடுத்தார். சிலருக்குப் படபடப்பும் இளைப்பும் கண்டதை அவரே எழுதி வைத்தார்.

அதற்காக எல்லாப் பரிசோதனைக்கும் பயப்பட வேண்டாம். சாதாரண 'எக்கோ' வெறும் ஒலி அலைதான். அயோடினுக்கு அதில் வேலையில்லை. எம்.ஆர்.ஐ.க்குக் கொடுக்கும் மருந்திலும் அயோடின் கிடையாது. மாரடைப்பு என்றால் மட்டும் தைராய்டைக் காரணம் காட்டி ஆஞ்சியோகிராமைத் தள்ளிப்போடக் கூடாது. அங்கே தாமதம்தான் எமன். விஷயத்தைச் சொல்லிவிட்டால் போதும், டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சாயம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு இன்னும் ஒன்று: தொந்தரவு அன்றே தெரியாது, சில வாரம் கழித்தும் தலைகாட்டலாம். புதிதாகப் படபடப்போ கைநடுக்கமோ வந்தால் டாக்டரிடம் ஓடுங்கள். தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சை நடக்க வேண்டியிருந்தால், சாயம் ஏற்றிய செய்தியை அங்கேயும் சொல்லுங்கள். சில வாரங்கள் காத்திருக்க வேண்டிவரும்.

அத்தைக்குத் தைராய்டுதான் மிஞ்சியிருந்தது. மாத்திரையில் படபடப்பு மெள்ள அடங்கிற்று. இப்போது யார் ஸ்கானுக்குப் புறப்பட்டாலும் வாசல்வரை வந்து, "கழுத்து சமாசாரத்தைச் சொன்னாயோ?" என்று கேட்கிறாள்!