தங்குதடையின்றிப் பேசினால் விளங்கிவிட்டதாமா?

ஊர்காவற்றுறையிலிருந்து பண்ணைத் தாம்போதி கடந்து யாழ்ப்பாணத்துக்கோ, அதற்கும் அப்பால் கொழும்புக்கோ கணினி படிக்கப் போகிற பிள்ளையைப் பற்றி ஊரில் கேட்கிற முதற்கேள்வி, "இங்கிலிசு எப்பிடி, வெட்டி விளாசுறானோ?" என்பதுதான். கம்பஸுக்குள் போனாலும் அதே கேள்விதான் அளவுகோல். செயற்கை நுண்ணறிவு ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்துப் பத்து நிமிடத்தில் வகுப்புக்கு விளக்கச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் தங்குதடையின்றிப் பேசியவர் விளங்கிக்கொண்டவர், திக்கியவர் விளங்காதவர் என்று ஆகிவிடுகிறது. பெற்றோர், மாணவர், விரிவுரையாளர் பலர் என்று எல்லோரும் தலையாட்டி ஏற்றுக்கொண்ட இந்த நம்பிக்கை பிழையானது. இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை அது கேலிக்கூத்தும் கூட.

பேச்சுச் சரளத்தைப் பார்த்து உள்ளே அறிவு இருக்கிறதென்று நம்பிவிடாதே என்பது இந்தத் துறையின் மிகப் பழைய எச்சரிக்கைகளில் ஒன்று. 1966இல் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசா என்ற நிரலுக்கு, எதிரே இருப்பவர் சொன்னதையே கொஞ்சம் திருப்பிக் கேள்வியாக்கத்தான் தெரியும். அது எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய செயலாளரே, அதனோடு பேசத் தொடங்கியதும், கொஞ்சம் வெளியே போங்கள் என்று அவரிடம் கேட்டாராம். 2021இல் எமிலி பெண்டர், டிம்னிட் கெப்ரு முதலானோர் எழுதிய கட்டுரை பெரிய மொழி மாதிரிகளைக் கிளிகளுக்கு ஒப்பிட்டது. அந்தக் கட்டுரையையே ஸ்லைட் ஸ்லைட்டாக மனனம் பண்ணி ஒப்புவித்து, "வெரி குட்" வாங்கிக்கொண்டு போய் இருந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். வகுப்பில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

முன்பெல்லாம் சரளத்துக்குப் பின்னால் இரண்டு இரவு உழைப்பாவது இருந்தது. இப்போது கட்டுரையைச் சாட்ஜிபிடிக்குள் போட்டால் சுருக்கமும் ஸ்லைட்டும் பேச்சும் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். ஆகவே நாங்கள் புள்ளி போடுவது யாருக்கென்றே தெரியாது.

எல்லோரும் எடுக்கிற கட்டுரையையே பாருங்கள். 2017இல் கூகிளைச் சார்ந்த எட்டுப் பேர் எழுதிய 'அட்டென்சன் இஸ் ஆல் யூ நீட்'. "இதிலிருந்துதான் சாட்ஜிபிடி வந்தது" என்று தொடங்குவார்கள். 'மல்டி ஹெட் அட்டென்சன்' என்று அழுத்திச் சொல்வார்கள். அந்தக் கட்டுரை முன்வைத்த மாதிரியை எழுதியவர்கள் எதில் சோதித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், அமைதியாகிவிடும். பெரும்பாலும் மொழிபெயர்ப்பில்: ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கும் பிரெஞ்சுக்கும். அந்த 'ஹெட்' என்கிற தலைகள் கூடக்கூட நல்லதா என்று அடுத்துக் கேளுங்கள். "ஓம் சேர்" என்பார்கள். கட்டுரையின் மூன்றாம் அட்டவணையோ வேறு கதை சொல்கிறது. ஒரே தலை என்றால் மொழிபெயர்ப்புத் தரத்துக்கான புள்ளி 24.9. எட்டுத் தலைக்கு 25.8. முப்பத்திரண்டு ஆக்கினால் 25.4க்கு இறங்கிவிடுகிறது. அந்த அட்டவணையை மட்டும் பத்து நிமிடம் திக்கித் திக்கி விளக்கிய பிள்ளைக்குத்தான் நான் கூடப் புள்ளி போடுவேன். ஒன்றை மாற்றி மற்றதை மாற்றாமல் வைத்துப் பார்ப்பதுதான் ஆய்வு என்பது அவளுக்குப் பிடிபட்டிருக்கிறது.

"ஆங்கிலம் இல்லாமல் உலகத்தோடு எப்படி ஒட்டுவது?" என்று கேட்பார்கள். கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கிறது, அதை ஆங்கிலத்தில்தான் வாசிக்க வேண்டும், அதிலே எனக்கு மறுப்பில்லை. வாசித்தது விளங்கிற்றா என்று பார்க்கிற நேரத்தில் பிள்ளை சண்டை பிடிக்கிற மொழியில் பேசட்டும் என்கிறேன். அந்த எட்டுப் பேரிலும் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழியல்ல. யாழ்ப்பாணத்துக்கு இது புதினமும் அல்ல. 1847இல் இங்கே வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்தது. அவரிடம் படித்தவர்களைச் சோதிக்க நோயாளி இருந்தார், ஸ்லைட் இல்லை.

தீவகத்துப் பிள்ளை ஒன்று எடுக்கக்கூடிய கட்டுரை ஒன்றைச் சொல்கிறேன். மொழி மாதிரிகள் எழுத்தைத் துண்டு துண்டாக, டோக்கன்களாக, வெட்டித்தான் வாசிக்கின்றன. அந்த வெட்டு எல்லா மொழிக்கும் சமமல்ல என்று 2023இல் அலெக்சாண்டர் பெட்ரோவ் குழுவினர் காட்டினார்கள். ஒரே விடயத்தை எழுத மொழிக்கு மொழி டோக்கன் எண்ணிக்கை 15 மடங்கு வரை வேறுபடுகிறதாம். இதைக் கரும்பலகையிலேயே தொடங்கலாம். 'ஊர்காவற்றுறை' என்று எழுதி, மேற்புள்ளியையும் அரவு போன்ற துணைக்குறிகளையும் தனித்தனியாக எண்ணினால் யூனிகோட்டில் 12 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 36. அதே ஊரை ஆங்கிலத்தில் Kayts என்று எழுதினால் ஐந்தே பைட். 2019இல் வந்த ஜிபிடி-2 பைட்டிலிருந்து தொடங்கி, அடிக்கடி சேர்ந்து வருபவற்றை ஒட்டி ஒட்டித் துண்டுகளைப் பெரிதாக்கியது. அதன் பயிற்சித் தரவிலிருந்து ஆங்கிலமல்லாத பக்கங்களை முடிந்தவரை நீக்கிவிட்டதால் தமிழில் ஒட்டுவதற்கு அதிகம் கிடைக்கவில்லை. ஊர்ப்பெயர் நொறுங்கியே கிடந்தது. டோக்கன் கணக்கில் காசு அறவிடும் சேவையில் யார் கூடக் கட்டுகிறார்கள் என்ற கேள்வி பின்வாங்கிலிருந்து தானாகவே வரும். அதற்குப் பதில் சொல்லச் சாட்ஜிபிடியின் சுருக்கம் உதவாது.

கேள்வி கேட்டால் பிள்ளை கூசிப்போகும், அடுத்தமுறை மேடைக்கே வராது என்று இரக்கப்படுகிறவர்களும் உண்டு. கூசவைப்பது கேள்வியல்ல, கேள்வியைக் குற்றப்பத்திரிகை மாதிரிக் கேட்கிற தோரணை. பத்து நிமிடத்தில் ஐந்தை வகுப்புக்கே கொடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அது கட்டுரையின் எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று காட்டினால் அதற்கும் புள்ளி போடுங்கள். புள்ளித்தாளில் 'சரளம், உடல்மொழி, ஸ்லைட் அழகு' என்று நிற்கிற மூன்று வரியையும் வெட்டினால் அதற்கு இடமும் கிடைக்கும்.