தொப்பூர் இறக்கமும் திறக்கப்படாத கையேடும்

வாரணாசியையும் கன்னியாகுமரியையும் இணைத்த பழைய ஏழாம் எண் நெடுஞ்சாலையின் பகுதியாக இருந்து, இப்போது ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையின் அங்கமாகிவிட்ட ராஜபாட்டை, தர்மபுரியைக் கடந்து, பாளையம் சுங்கச்சாவடியையும் தாண்டித் தெற்கே செல்கையில், மேட்டு நிலத்தை விட்டுத் தொப்பூர் கணவாய் வழியாகச் சேலத்துத் தாழ்நிலத்தை நோக்கி இறங்குகிறது. பார்வைக்கு அது பயங்கரமான மலைப்பாதை அன்று. சாலை அகலமானது, சரிவு மிதமானது, புதிதாக வருகிற ஓட்டுநருக்கு அச்சமூட்டக்கூடிய கொண்டை ஊசி வளைவு எதுவும் அங்கே இல்லை. அச்சமூட்டாத அந்தத் தோற்றமே எத்தனையோ பேருக்கு யமனாக முடிந்திருக்கிறது. 2024 ஜனவரி 24-ஆம் தேதி, கட்டுப்பாடு இழந்த லாரி முன்னே சென்ற வண்டிகளில் மோதி, தீயும் பற்றி, நால்வர் மாண்ட காட்சியைக் காமிராப் பதிவில் நாடே பார்த்தது. தர்மபுரி ஜில்லாவாசிகளுக்கு அது புதுச் செய்தி அன்று. அக்கணவாயிலுள்ள கட்டமேடு, இரட்டைப் பாலம் என்ற பெயர்களைப் பத்திரிகையில் பார்த்தாலே, மேற்கொண்டு என்ன எழுதியிருக்கும் என்று அவர்கள் ஊகித்துவிடுவார்கள்.

இதற்குப் பரிகாரமாகச் சுமார் 775 கோடி ரூபாய்ச் செலவில் உயர்மட்டச் சாலை அமைக்க மத்திய சர்க்கார் முன்வந்திருப்பது வரவேற்கத்தக்கதே. சாலையின் குறையைச் சாலையில்தான் தீர்க்க வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆயினும், சாலையில் ஒரு பாதியும் வண்டியில் மறுபாதியுமாக இருக்கிற ஒரு நோய்க்கு, சாலைக்கு மட்டும் சிகிச்சை செய்து திருப்தியடைந்துவிடுவது விவேகம் ஆகாது. தாம் ஓட்டுகிற யந்திரத்தைப் பற்றிய ஆரம்ப அறிவுகூட நம்மில் பலருக்கு இல்லை. இல்லை என்பதில் வெட்கமும் இல்லை. அந்த அறிவைத் தாய்மொழியில் ஊட்ட வேண்டியவர்களோ அதைத் தம் கடமையாகக் கருதவும் இல்லை. இம்மூன்றும் மாறாத வரையில், எவ்வளவு நேர்த்தியான பாலம் கட்டினாலும் விபத்து வேறோர் இறக்கத்துக்கு இடம் மாறுமே ஒழிய ஒழியாது. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்குகிற பாதையும் வத்தல்மலைப் பாதையும் இதே ஜில்லாவில்தானே இருக்கின்றன?

இறக்கத்தில் வண்டிக்கு என்ன நேர்கிறது என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். மொத்தம் 16 டன் எடையுள்ள லாரி ஒன்று, வேகம் கூடாமல் 100 மீட்டர் உயரம் கீழிறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த வீழ்ச்சியில் விடுபடுகிற சக்தி சுமார் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அவ்வளவு வெப்பமும் எங்கேயாவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஓட்டுநர் தாழ்ந்த கியரில் வண்டியை வைத்து, லாரியானால் எக்ஸாஸ்ட் பிரேக்கையும் உபயோகித்து இறங்கினால், அதில் பெரும்பகுதியை என்ஜினே வாங்கிக்கொண்டு வெளியேற்றிவிடும். நியூட்ரலில் விட்டாலோ, முழுப் பாரமும் பிரேக் டிரம்மின் மேலும் லைனிங்கின் மேலும் விழுகிறது. அவை பழுக்கச் சூடேறியபின், பெடலை எவ்வளவு மிதித்தாலும் பிடிப்பு உண்டாவதில்லை. ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று விபத்துக்குப் பின் எழுதப்படும் வாக்குமூலங்களில் பல உண்மையே. பிடிக்காமல் போனதற்கான காரணம் சில கிலோமீட்டர்களுக்கு முன்பே மேட்டில் ஆரம்பமாகிவிட்டது என்பதுதான் அவற்றில் எழுதப்படாத உண்மை.

டீசலை மிச்சப்படுத்துவதற்காகவே நியூட்ரலில் இறங்குவதாகச் சொல்வார்கள். இந்த மிச்சம் பெரும்பாலும் மாயை. இக்காலத்து என்ஜின்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், உருளும் சக்கரங்களே என்ஜினைச் சுழற்றுவதால், எண்ணெய் பீய்ச்சப்படுவது அடியோடு நின்றுவிடுகிறது. நியூட்ரலில் போட்டாலோ, என்ஜின் அணையாமல் இருப்பதற்கென்றே சிறிது எண்ணெய் ஓயாமல் செலவாகிறது. என்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிற அதிசாமர்த்தியசாலிகளின் நிலை இன்னும் மோசம். லாரியில் காற்றுப் பிரேக்குக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸர் நின்றுபோவதால், மிதிக்க மிதிக்க டாங்கியில் காற்றழுத்தம் குறைகிறது. காரில் பிரேக்குக்கு உதவுகிற வாக்குவம் இரண்டொரு மிதியில் தீர்ந்து பெடல் கல்லாகிவிடுகிறது. பவர் ஸ்டியரிங் கனத்துப் போகிறது. சாவியை உருவிவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

லாரிக்காரரைக் குறைகூறி முடித்துவிட்டுக் காரில் ஏறுகிற கனவான்கள், தங்கள் காரின் பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று சிந்திக்க வேண்டும். இது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சுபாவமுடைய திரவம். டாட் 3 என்ற ரகம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்ஷியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 டிகிரிக்குத் தாழ்ந்துவிடலாம். டாட் 4 ரகத்துக்கு இவ்வெல்லைகள் முறையே 230-ம் 155-ம் ஆகும். நீண்ட இறக்கத்தில் சூடேறிய பிரேக்கில் இத்திரவம் கொதித்துக் குமிழியிட்டால், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது பொதுவான நியதி. செலவு, வண்டியின் விலையோடு ஒப்பிட்டால், சொல்லவே கூசுமளவுக்குச் சொற்பம். புட்டியில் அளவு குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போய்விடுவதும் தவறு. ஒன்று கசிவு இருக்கிறது, அல்லது பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது என்பதையே அந்தக் குறைவு அறிவிக்கிறது.

ஃப்யூஸ் விஷயத்தில் நம்மவர்களுடைய அலட்சியம் தனிரகமானது. ஃப்யூஸ் என்பது, வீட்டுக்குள் திருடன் நுழையுமுன் வாசலிலேயே வெட்டுப்பட்டு விழுகிற காவற்காரனைப் போன்றது. அது காப்பாற்றுவது விளக்கையோ ஹாரனையோ என்று பலர் எண்ணியிருக்க, உண்மையில் அது காப்பாற்றுவது உள்ளே ஓடுகிற ஒயரை. 10 ஆம்பியர் தாங்கும் ஒயருக்கு 10 ஆம்பியர் ஃப்யூஸ் என்று கணக்கிட்டு வைத்திருக்கும் இடத்தில், அது அடிக்கடி போகிறதே என்று சலித்து, 30 ஆம்பியர் ஃப்யூஸையோ, செப்புக் கம்பியையோ, சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தையோ வைத்துவிட்டால், அடுத்த முறை உருகப் போவது ஒயரே. அதைத் தொடர்வது தீ. அம்பாஸடர் காலத்துக் கண்ணாடிக் குழாய் ஃப்யூஸ் போய், 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தோன்றிய தட்டை ஃப்யூஸ் உலகெங்கும் பரவியபின், படிக்கத் தெரியாதவரும் பிழை செய்யாதபடி நிறத்தாலேயே அளவு குறிக்கப்பட்டிருக்கிறது: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. சிவப்பு போன இடத்தில் சிவப்பையே வைக்க வேண்டும். அதுவும் உடனே போய்விட்டால், ஒயர் எங்கோ உராய்கிறது என்று உணர்ந்து எலெக்ட்ரீஷியனிடம் போக வேண்டும். கூடுதல் விளக்கும் அலறும் ஹாரனும் மாட்டுகிறவர்கள், ரிலேயும் தனி ஃப்யூஸும் இன்றி இருக்கிற ஒயரிலேயே முடிச்சுப் போடச் சம்மதிப்பது, தம் காசில் தாமே கொள்ளி வாங்கி வைத்துக்கொள்வதற்குச் சமானம்.

என்ஜின் ஆயிலின் அளவைப் பற்றியும் ஒரு தப்பெண்ணம் நிலவுகிறது. குறைந்தால் கெடுதல் என்பது எல்லோருக்கும் தெரியும். மிகுந்தாலும் கெடுதல் என்பது பலருக்குத் தெரியாது. சிறிய பெட்ரோல் கார்களில் பல சுமார் மூன்று லிட்டரே ஏற்கின்றன. பெரிய டீசல் வண்டிகளுக்கு அதைப்போல் இரு மடங்கும் தேவைப்படும். தாராளம் காட்டுவதாக நினைத்து அரை லிட்டர் கூடுதலாக ஊற்றிவிட்டால், சுழலும் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடுகிறது. நுரையாகிவிட்ட எண்ணெய் உராய்வைத் தடுப்பதில்லை. சீல்களின் வழியே கசியவும் செய்கிறது. சமதரையில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிஷம் கழித்து, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால், இரண்டு குறிகளுக்கு நடுவே எண்ணெய் நிற்கிறதா என்பது குழந்தைக்கும் தெரியும்.

ரேடியேட்டரைப் பொறுத்தவரை, இந்த ஜில்லாவாசிகளுக்கு விசேஷ ஜாக்கிரதை அவசியம். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்திருந்ததால்தான், ஜப்பானின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-இல் துவக்கப்பட்டது. மனிதரின் பல்லையும் எலும்பையும் கெடுத்த அதே ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கிற மற்ற உப்புகள், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து, கல்லாக இறுகி, வழியை அடைத்துவிடுகின்றன. ‘இங்கே என்ன பனியா உறைகிறது, கூலன்ட் எதற்கு?’ என்று கேட்பவர் உண்டு. உறைவதைத் தடுப்பது அதன் குணங்களில் ஒன்றுதான். கொதிநிலையை உயர்த்துவதும் துருவைத் தடுப்பதும் சித்திரை வெயிலில் காரிமங்கலம் தாண்டுகிற வண்டிக்கு அதைவிட முக்கியமானவை. கூலன்டைக் கலப்பதற்கும், நீர் விடுகிற ரகப் பாட்டரிக்கும் டிஸ்டில்டு வாட்டரே உகந்தது. கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறந்து முகத்தையும் கையையும் வேகவைத்துக்கொள்வதைப் போன்ற அநியாயமான துன்பம் வேறில்லை. ஆறும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சட்டம் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருப்பதற்கும் இடமில்லை. வாடகை வண்டிகளும் லாரிகளும் எட்டு வயது வரை இரண்டாண்டுக்கொரு முறையும், அப்பால் ஆண்டுதோறும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்காகச் சோதனைக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. சொந்தக் காருக்கோ, பதிவு செய்த நாளிலிருந்து பதினைந்து ஆண்டுகள் வரை அத்தகைய சோதனை எதுவும் கிடையாது. பழுதுள்ள வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின்படி குற்றமே. ஆனால் அக்குற்றத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டியவர் வண்டிக்காரரே. எஃப்.சி. நாளுக்கென்று நல்ல டயரை இரவல் மாட்டிச் சென்று, மறுநாள் கழற்றிவிடுகிற சாமர்த்தியத்தை எந்தச் சட்டத்தால் திருத்த முடியும்?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். நெடுந்தூர லாரியை ஓட்டுகிறவர் அதன் சொந்தக்காரர் அல்லர். சரக்கு குறித்த நேரத்தில் சேர வேண்டும் என்ற நெருக்கடியும், டீசல் கணக்கைக் காட்டிக் கூலியைப் பிடித்துக்கொள்கிற வழக்கமும் அவரை நியூட்ரலுக்குத் தள்ளுகின்றன. தூக்கமற்ற கண்களோடு வருகிறவரிடம் யந்திர சாஸ்திரம் போதிப்பது பரிகாசம் அல்லவா? உண்மைதான். பாலக்கோட்டுத் தக்காளியைக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு விடியுமுன் சந்தை சேர வேண்டிய இளைஞருக்கும் இது பொருந்தும். ஆகையால், பிரேக் லைனிங்கை மாற்ற மறுக்கிற முதலாளியும், டீசல் மிச்சத்துக்குப் பரிசளிக்கிற கம்பெனியும் விபத்தின் பங்காளிகளே என்று சட்டமும் சமூகமும் கருத வேண்டும். ஓட்டுநரும், தமக்கு என்ன அநியாயம் இழைக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான், ‘இந்த வண்டியை எடுக்க மாட்டேன்’ என்று சொல்லும் தைரியம் பெறுவார்.

அந்த அறிவுக்கான நூல் வெளியே எங்கும் தேட வேண்டியதில்லை. வண்டியிலேயே, டாஷ்போர்டு அறையில், பிளாஸ்டிக் உறையோடு இருக்கிறது. எந்த ஃப்யூஸ் எதற்கு, எந்தத் திரவம் எத்தனை லிட்டர், எதை எப்போது மாற்றுவது என்பதெல்லாம் அதில் அச்சாகியிருக்கின்றன. ஆனால் அக்கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. 2004-இல் கிருஷ்ணகிரி பிரியும்வரை தர்மபுரி ஜில்லாவிலேயே இருந்த ஓசூரில், அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் ஆயிரமாயிரமாக வண்டிகளைச் செய்கின்றன. சென்னையைச் சுற்றி உலகத்துக் கார்களெல்லாம் உருவாகின்றன. தமிழ்க் கைகள் பூட்டிய திருகாணியைப் பற்றித் தமிழில் படிக்க முடியவில்லை என்பது விசித்திரமான நிலைமை. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸோடு தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடு, பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாமலே யந்திரத்தின் ஒவ்வோர் அங்கத்தையும் கைப்பழக்கத்தால் அறிந்தவர். இத்தகைய ஆர்வம் நம் மண்ணுக்கு அந்நியமன்று. நமது பட்டறைகளில் பதினைந்து வயதில் ஸ்பானர் பிடித்தவர்களுக்கு அது இன்றும் உண்டு. அவர்கள் கற்றதை உரிமையாளரும் ஓட்டுநரும் கற்கத் தமிழில் ஒரு நூல்தான் குறைவு.

ஆகவே என் கோரிக்கைகள் எளியவை. தமிழ்நாட்டில் விற்கப்படும் ஒவ்வொரு வண்டியோடும் தமிழ்க் கையேடு தரப்பட வேண்டும் என்று மாநில சர்க்கார் வற்புறுத்த வேண்டும். ஓட்டுநர் உரிமம் கேட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வருகிறவரை எட்டுப் போடச் சொல்வதோடு நில்லாமல், பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் புட்டி எது, ஃப்யூஸ் பெட்டி எது என்று காட்டச் சொல்ல வேண்டும். தொப்பூர் இறக்கம் தொடங்குமுன், சரக்கு வண்டிகள் கட்டாயமாகச் சிறிது நேரம் நின்று, காற்றழுத்தமும் பிரேக்கும் சரிபார்க்கப்பட்டு, தாழ்ந்த கியரில் புறப்படுவதற்கென ஒரு நிரந்தர நிறுத்துமிடத்தைச் சுங்க வருமானத்திலிருந்தே அமைக்க வேண்டும். உயர்மட்டச் சாலை வந்தபிறகும் அது நீடிக்க வேண்டும். வண்டி வைத்திருப்பவர்களோ, இவற்றில் எதற்கும் காத்திராமல், இந்த ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் ஒதுக்கித் தம் வண்டியின் கையேட்டைப் பிரித்துப் பார்க்கலாம். ஆங்கிலம் புரியாவிட்டால், வீட்டில் படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம். பிள்ளையும் அதனால் நஷ்டப்படப் போவதில்லை.